ஞானசிங் எடுத்த பிளேட்

எப்சிபா அப்பாவின் தாடையைச் சேர்த்துப் பிடித்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. பழைய வேட்டியில் கிழித்த துண்டு. உச்சந்தலையில் முடிச்சு விழ வேண்டும். ஒரு கையால் தாடையைப் பிடித்தால் மறு கையால் முடிச்சுப் போட முடியவில்லை. ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். கார்க் கதவு அடைபடும் சத்தம் இரண்டு முறை கேட்டது. 

அப்பா போனது ஐந்தேகாலுக்கு. இப்போது மணி ஆறே முக்கால். சபைக் கோயிலில் இன்னும் சாவு மணி அடிக்கவில்லை. சபைப் போதகரான ஐயருக்குச் சொல்லியாயிற்று. டாக்டர் கைவிட்டதும் டிக்கெட் எடுத்துத் துபாயிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருக்கும் தம்பி எட்சனுக்குச் சொல்லியாயிற்று. அவ்வளவுதான். பக்கத்து வீட்டார் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. மணி அடிக்கும் முன்பே துக்கம் கேட்க வருகிறவர் யாராக இருக்கும்?

ஷாஜன் உள்ளே வந்தான். சுந்தரராஜ் காண்ட்ராக்டரின் மகன். மலையடிவாரத்தில் பாதிக் குவாரி அவன் பெயரில் ஓடுகிறது. வரப்போகும் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறான் என்று பேச்சு. அவன் பின்னால் இரண்டு பேர் ஆளுயர ஃபிளெக்ஸ் ஒன்றைத் தூக்கி வந்து மாமரத்தில் சாய்த்தார்கள். ‘கண்ணீர் அஞ்சலி. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் கேமரா ஞானசிங்.’ அப்பாவின் படம் பெரிதாக. கீழே கைகூப்பி நிற்கும் ஷாஜன் அதைவிடக் கொஞ்சம்தான் சிறிது. ஒன்றரை மணி நேரத்தில், அதுவும் விடியுமுன், ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுக்கிற கடை குலசேகரத்தில் கிடையாது.

அவள் பார்வை போன இடத்தை ஷாஜன் கவனித்தான். “நேத்தே டிசைன் குடுத்தாச்சு அக்கா. டாக்டர் ரெண்டு நாளுண்ணுல்லா சொல்லியிருந்தாரு. தேதி மட்டும் இப்பம் ஸ்டிக்கர் ஒட்டினது.”

“மணியே அடிக்கல்லியே ஷாஜன். உனக்கு ஆரு சொன்னா?”

“சொல்லாம இருப்பாவளா?” என்று கட்டிலருகே போய் அப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தான். உண்மையாகவே போய்விட்டாரா என்று சோதிப்பது போலத்தான் அது இருந்தது. பிறகு கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, அப்பா ஒரு சாமானம் வச்சிருக்காவ. கறுப்புத் துணியில பொதிஞ்சது. எனக்க அப்பாவுக்கு அது வேணும். அடக்கத்துக்கு முன்ன எடுத்து வச்சிருங்க.”

“என்ன சாமானம்? எனக்கொண்ணும் தெரியாது.”

“தேடுங்க, கிடைக்கும்.” வாசல்வரை போனவன் திரும்பினான். “எட்சனுக்கு ஏர்ப்போர்ட்டுக்கு நானே வண்டி அனுப்பியாச்சு. டாக்சிக்கு ஒண்ணும் அலைய வேண்டாம். நம்ம டிரைவர்தான். பத்திரமாட்டு கொண்டு வந்து சேப்பான்.”

எட்சன் எத்தனை மணிக்கு இறங்குகிறான் என்று அவன் கேட்கவில்லை.  எப்சிபா கட்டிலின் ஓரத்தில், அப்பாவின் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

ஐம்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டி வேலை வாங்கியவள், தன் வீட்டுக்குள் இப்படிப் பயந்து உட்கார்ந்திருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகிற ஜாதியில்லை. தம்பியின் நம்பரை மூன்று தடவை தப்பாக அழுத்தினாள்.

எட்சன் விமானத்தில் ஏறும் வரிசையில் நின்றிருந்தான். ஷாஜன் வந்ததையும் கேட்டதையும் அவள் சொன்னாள். பின்னால் யாரோ அரபியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

“குடுத்திரு அக்கா.”

“எதை? உனக்குத் தெரியுமா என்னதுண்ணு?”

“அப்பா எனக்குச் சொல்லியிருக்கு. இருபது வருசம் ஆச்சு. அது ஒரு பிளேட்டு, படம் பிடிக்கிய கண்ணாடி. சங்கக் கொட்டகை தீப்பிடிச்சுக் கத்துனதுல்லா, அப்பம் எடுத்தது. சுந்தரராஜு மாமன் தீ வைக்கியது அதுல இருக்கு.”

“அப்பா அதை எடுத்து வச்சுக்கிட்டா இருந்தாரு? இத்தன வருசம்?”

“அதைக் கழுவாம மாடி அலமாரிக்குள்ள வச்சிருந்தாரு. கழுவினா எல்லாருக்கும் படம், கழுவாம வச்சா நமக்கு மட்டும் படம்ணு சொல்லுவாரு. எனக்கு அதொண்ணும் வேண்டாம். நமக்கு என்னத்துக்கு? எனக்கு ரெண்டு பெண்பிள்ளைய உண்டு. குடுத்திரு.” வரிசை நகர்ந்திருக்க வேண்டும், போன் அணைந்தது.

மகனுக்குச் சொல்லியிருக்கிறார், மகளுக்குச் சொல்லவில்லை. எட்டு வருடமாக மலம் அள்ளியவளுக்குச் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தவரை அவள் கோபமாகப் பார்த்தாள். தாடைக் கட்டோடு, பல்வலிக்காரர் போலக் கிடந்தார்.

ஞானசிங் கேமரா செய்தவர். கேமராவை வைத்துப் பிழைத்தவர்கள் எங்கும் உண்டு, கேமராவையே செய்து விற்றவர் அவர். இருபது வயதில், நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவின் வெள்ளைக்காரக் கேமராவுக்கு உடைந்த கால் செய்து கொடுக்கப் போன தச்சுப் பையன், அதை மூன்று நாள் பிரித்துப் போட்டுவிட்டு, நான்காம் நாள் சேர்த்துக் கொடுத்து, ஐந்தாம் மாதம் அதேபோல ஒன்றைப் பிலாத்தடியில், பலா மரத்தில், செய்தார். சுருங்கி விரியும் தோல் மடிப்பை வீட்டுப் பெண்கள் ஒட்டினார்கள். எப்சிபாவும் சிறு வயதில் ஒட்டியிருக்கிறாள். லென்ஸ் மட்டும் மெட்ராசிலிருந்து செகண்ட் ஹாண்டில் வரும். திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும் ஸ்டுடியோக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். உள்ளங்கையில் அடங்கும் கேமராக்கள் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. அவர் அரசியலுக்குப் போனார். ஊரில் எல்லார் மூஞ்சியையும் தலைகீழாகப் பார்த்த மனுசனுக்கு ஓட்டுப் போடாமல் என்ன செய்வார்கள் என்று அம்மா கேலி செய்வாள்.

மூன்று தடவை பஞ்சாயத்து பிரசிடெண்டு. தண்ணீர்த் தொட்டி, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் தார் ரோடு, நூலகம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. முதல் தடவை போட்டியே இல்லை. எதிர்த்து நின்ற சுந்தரராஜ் வாபஸ் வாங்கிவிட்டார். அப்பாவின் மரியாதைக்குப் பயந்து விலகினார் என்றுதான் எப்சிபா முப்பத்தெட்டு வருடமாக நம்பியிருந்தாள். பயந்தது நிஜம்தான்.

அந்த வாபசுக்கு நான்கு நாள் முன்னால்தான் பால் வெட்டுத் தொழிலாளர்களின் சங்கக் கொட்டகை எரிந்தது. எஸ்டேட்டில் வேலைநிறுத்தம் நடந்த நேரம். சுந்தரராஜ் அங்கே காண்ட்ராக்டர். பொழுது சாயும் நேரத்தில் தீப்பிடித்தது. உள்ளே ரப்பர் ஷீட் அடுக்கியிருந்ததால் அணைக்க முடியவில்லை. காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்த குமாரதாஸ் என்ற தொழிலாளி வெளியே வரவில்லை. விளக்கு கவிழ்ந்துவிட்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. எப்சிபா அப்போது நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்தாள். லீவுக்கு வந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம், அப்பாவின் மாடிச் சன்னலுக்கு நேரே, கறுப்பாக ஒரு சதுரம் மட்டும் கிடந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தோடு பெண்கள் வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்தி, பெட்டியில் கிடத்தி ஹாலில் வைத்தாயிற்று. எப்சிபா வருகிறவர்களுக்குக் கைகொடுத்தாள், அழுகிறவர்களோடு அழுதாள். காது மட்டும் கையிலிருந்த போனிலேயே கிடந்தது. வாசலில் ஷாஜனின் ஆட்கள் இரண்டு பேரும் பந்தல்காரர்களுக்கு உதவி செய்துகொண்டு நின்றார்கள். நாற்காலி இறக்கினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவர்கள் நல்லது செய்யச் செய்ய அவளுக்குப் பயம் கூடியது.

தாணம்மாள் வந்தது பத்தரைக்கு. குமாரதாசின் மனைவி. நெற்றியில் நாமம் இழுத்து, வெளுத்த சேலையில், யாருக்கும் இடைஞ்சலில்லாமல் பெட்டியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். பஞ்சாயத்து ஆபீசில் பெருக்குகிற வேலையை அவளுக்கு அப்பாதான் வாங்கிக் கொடுத்தார். இருபத்தைந்து வருடம் பெருக்கினாள். எப்சிபா அருகே போய் உட்கார்ந்ததும் தாணம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

“காப்பி குடிச்சியளா தாணம்மாக்கா?”

“வேண்டாம் மக்கா.” பெட்டியைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினாள். “நான் வருசாவருசம் அந்தத் தேதியில உங்க மாடிக்குக் கீழ வந்து நிப்பேன். உனக்குத் தெரியாது. சன்னல்ல அன்னைக்குக் கேமரா நின்னுதுண்ணு ஊருல எல்லாருமே சொல்லுவாவ. இவியகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ணு வருவேன். கேக்காமலே போயிருவேன்.”

“என்னத்துக்குக் கேக்கல்ல?”

“இல்லண்ணு சொல்லிருவாரோண்ணு பயம்தான். கேக்காத வரைக்கும் உண்டுண்ணு நெனச்சுக்கிடலாம் பாத்தியா.” சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். “இனி ஆருகிட்ட கேக்க?”

 மாடியில் அலமாரிக்குள் இருக்கிறது என்று எப்சிபா சொல்லியிருக்கலாம். ஆனால் எட்சனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

பன்னிரண்டரைக்கு எட்சன் கூப்பிட்டான். இறங்கிவிட்டதாகவும் ஷாஜன் அண்ணன் அனுப்பிய வண்டியில் ஏறிவிட்டதாகவும் சொன்னான். அவன் பேச்சு நேராக இருந்தது, பாடம் ஒப்பிப்பது போல. இரண்டே காலுக்கு இன்னொரு தடவை கூப்பிட்டான்.

“அக்கா, மார்த்தாண்டம் கழிஞ்சாச்சு. வண்டி பஞ்சராம். ரப்பர் தோட்டத்துக்கு உள்ள நிக்கியோம்.”

“தோட்டத்துக்கு உள்ளயா? மெயின் ரோட்டுல வந்தா என்ன?”

“குறுக்கு வழிண்ணு டிரைவர் சொல்லியான். அவன் எறங்கி நிண்ணு போன்ல பேசிட்டு இருக்கியான். ஸ்டெப்னிய எடுக்கவே இல்ல. நீ அதை எடுத்து வச்சிட்டியா அக்கா?”

அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்தாள். ஆறாவது முறை அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

எப்சிபா மாடிக்கு ஓடினாள். ஓடினாள் என்பது மனதுக்கு. மூட்டுவலிக்காரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிபடியாகத்தான் ஏறினாள். அப்பாவின் பட்டறை அறை. சாவி அலமாரியிலேயே தொங்கியது. இரண்டாவது தட்டில், பைபிளுக்குப் பின்னால், கறுப்புத் துணியில் அது இருந்தது. கொடுத்துவிட வேண்டும், இப்போதே கொடுத்துவிட வேண்டும், தாணம்மாள் என்னை மன்னிக்கட்டும். பிரித்துப் பார்க்க அவள் நினைக்கவில்லை. எடுத்த வேகத்தில் துணிதான் தானாக நழுவியது.

அப்பா செய்த சட்டம். பாட்டுப் புத்தகம் அளவில், பிலாத்தடியில், மூலைகளில் பித்தளை. உள்ளே பிளேட் இருக்கும். வெளிச்சம் படாமல் அதன்மேல் ஒரு தகடு மூடியிருக்கும். கேமராவில் மாட்டிய பிறகு தகட்டை உருவி, படம் எடுத்து, மறுபடி செருகுவார்கள். அந்தத் தகட்டுக்கு அப்பா ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்பும் பெயின்ட் அடிப்பார். வெள்ளை வெளியே தெரிந்தால் இன்னும் எடுக்காத பிளேட். எடுத்து முடித்ததும் தகட்டைத் திருப்பிக் கறுப்பு வெளியே வரும்படி செருக வேண்டும். எடுத்த பிளேட்டிலேயே இன்னொரு தடவை எடுத்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. திருப்ப மறந்த ஒரு வேலையாளை அப்பா கன்னத்தில் அறைந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

வெள்ளை வெளியே இருந்தது.

அவள் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபுறம் வெறும் மரம். மீண்டும் திருப்பினாள். வெள்ளைதான். கொஞ்சம் மஞ்சளித்த வெள்ளை.

கடைசி மூன்று நாளும் அப்பா ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு கிடந்தார். கை விறைச்சுப் போச்சு, கை விறைச்சுப் போச்சு. அவள், பாவம், எண்ணெயைச் சூடாக்கி வலது கையை மணிக்கணக்காகத் தேய்த்துவிட்டாள். இப்பம் சரியாச்சா அப்பா என்று கேட்டபோதெல்லாம் தலையை இல்லையென்று ஆட்டினார்.

இங்கேதான் நின்றிருப்பார். இந்தச் சன்னலில், கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, பின்னால் இருக்கும் கண்ணாடியில் தீயைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு. சுந்தரராஜின் முகத்தையும் பார்த்திருப்பார். சட்டம் கையிலேயே இருந்திருக்கும். மாட்டவில்லை. கை வரவில்லை. கீழே நின்றவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்திருப்பார். மறுநாள் பயந்துகொண்டு வந்தவரிடம் இவரும் பயந்துகொண்டே, உள்ளே இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு பொய்யை வைத்துப் பிரசிடெண்டு ஆனார், ரோடு போட்டார், தொட்டி கட்டினார், தாணம்மாளுக்குத் துடைப்பம் வாங்கிக் கொடுத்தார். சாட்சி சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல பிளேட் எதற்கு?

எப்சிபாவுக்கு அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம் அவரை நினைத்து நெஞ்சு கரைந்தது. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை. வாசலில் மறுபடியும் கார்ச் சத்தம். சன்னல் வழியே பார்த்தாள். சுந்தரராஜை நான்கு பேர் சக்கர நாற்காலியோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை இப்படியே கொடுத்தால் என்ன நடக்கும்? வெள்ளையைப் பார்ப்பார்கள். ஒரிஜினலை ஒளித்துவிட்டு வேறொன்றைத் தருகிறாள் என்பார்கள். எட்சன் ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கிறான். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தகட்டின் நுனியைப் பிடித்து உருவினாள். முப்பத்தெட்டு வருடம் அசையாதது முதலில் வரவில்லை. பிறகு கறகறவென்று வந்தது. உள்ளே வெளிறிய பால் நிறத்தில் பிளேட். மத்தியான வெயில் சன்னல் வழியாக அதன்மேல் விழுந்தது. அவ்வளவுதான், அது செத்தது. தகட்டைத் திருப்பி, கறுப்பு வெளியே வரும்படி செருகினாள். துணியைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.

சுந்தரராஜை ஹாலுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். எண்பத்துநாலு வயது. ஒரு காலத்தில் கதவுநிலை இடிக்கிற உயரம். இப்போது நாற்காலியில் பாதிதான் நிரம்பியிருந்தார். ஷாஜன் கூட நின்றான். அவனோடு ஸ்டுடியோ ததேயுஸ் நிற்பதை எப்சிபா பார்த்தாள். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படம் எடுக்க அவளே வரச் சொன்ன ஆள். வாலிபத்தில் அப்பாவின் கேமராவில் தொழில் பழகியவர். ஷாஜன் யோசித்துத்தான் அவரை இந்த அறைக்குள் கூப்பிட்டிருக்கிறான்.

“மக்களே,” என்றார் சுந்தரராஜ். குரல் காற்றாக வந்தது. “கொண்டு வந்தியா?”

அவள் துணியைப் பிரித்தாள். சுந்தரராஜ் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் எந்தக் கல்யாணத்திலும் படத்துக்கு நிற்பதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. கர்வம் என்று ஊர் சொல்லும்.

“ததேயுஸ் அண்ணே, அது அதுதானாண்ணு பாத்துச் சொல்லும்,” என்றான் ஷாஜன்.

ததேயுஸ் சட்டத்தை வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மிக அருகில் வைத்துப் பார்த்தார். தகட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். வெளியே துணியோடு உரசிக் கிடந்திருந்தால் மங்கியிருக்கும். அந்தக் கறுப்பு நேற்று அடித்தது போலப் பளபளத்தது. தகடு நுழையும் வாயில் ஒட்டியிருந்த பழைய வெல்வெட் பொடிந்து புதிதாக உதிர்ந்திருந்தது. அது இத்தனை வெளிச்சமாகத் தெரியும் என்று எப்சிபா நினைத்திருக்கவில்லை. ததேயுஸ் தன் விரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பக்கத்து ஹாலில் பெண்கள் ஒரு சரணத்தை முடித்து அடுத்த சரணத்துக்கு மூச்சு வாங்கினார்கள். 

ததேயுஸ் சட்டை நுனியால் அந்தப் பொடியை மெல்லத் துடைத்துவிட்டார்.

“கறுப்பு வெளிய இருக்கு,” என்றார். “எடுத்த பிளேட்டுதான்.”

“இத்தன வருசம் கழிஞ்சு உள்ள படம் நிக்குமா?”

“கேமரா ஞானசிங்குக்க வேலையாக்கும். கெடாது.”

ஷாஜன் கையை நீட்டினான். ததேயுஸ் அதைப் பார்க்காதவர் போலச் சட்டத்தை எப்சிபாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, லைட் சரிபார்க்க வேண்டும் என்று ஹாலுக்குப் போய்விட்டார். அவர் முதுகு வேர்த்து நனைந்திருந்தது.

“தாருங்க அக்கா.”

“எட்சன் வந்து படி ஏறட்டு.” இதைச் சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகம். சட்டத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.  “அதுவரைக்கும் எனக்க கையில இருக்கட்டு. வற்புறுத்தினியாண்ணா ஹாலுக்குப் போய் எல்லாருக்கும் முன்ன என்னதுண்ணு சொல்லுவேன்.”

ஷாஜன் ஒரு அடி முன்னால் வந்தான். “ஏலே,” என்றார் சுந்தரராஜ் சுவரைப் பார்த்தபடி. “போன் போடுலே.”

பஞ்சர் ஒட்டியாயிற்று என்று பத்து நிமிடத்தில் தகவல் வந்தது. அது உண்மையிலேயே பஞ்சர்தானா என்பது எப்சிபாவுக்கு இன்றுவரை தெரியாது. மூன்றேமுக்காலுக்கு எட்சன் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து இறங்கினான். அப்பாவின் மேல் விழுந்து அழுதான். அழுதுகொண்டே கண்ணால் அவளைத் தேடினான். அவனைத் தொட்டுப் பார்த்தாள். சட்டையில் ஒரு பித்தான்கூடக் கழன்றிருக்கவில்லை. இத்தனை நேரம் இறுக்கி வைத்திருந்ததெல்லாம் விட்டுப்போய், அவள் அன்றைக்கு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

ஐயர் வந்துவிட்டார். ததேயுஸ் குடும்பத்தைப் பெட்டியைச் சுற்றி நிறுத்தி மூன்று படம் எடுத்தார். எப்சிபா சேலைக்குள் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நின்றாள். படம் எடுத்து முடியும்வரை சுந்தரராஜ் பக்கத்து அறையிலேயே இருந்தார். அவள் உள்ளே போனபோது கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.  

“உனக்க தம்பி வந்தாச்சுல்லா. இனி தா மக்களே. நான் சாவியதுக்கு முன்ன ஒரு நாளு நிம்மதியா உறங்கட்டு.”

கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். இருட்டுகிற நேரம் இவர்கள் போய்விடுவார்கள், எட்சன் அடுத்த வாரம் போய்விடுவான், அவள் தனியாக இந்த வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுக்கலாம். கொடுப்பதற்குத்தான் கையை எடுத்தாள். எதிரே நீண்டிருந்த அந்தக் கை ஆடியது. அப்பாவுக்கு அன்று விறைத்துப்போனதும் ஒரு கைதான். அவளுக்குப் பயம் போகவில்லை. பயத்தோடேயே பேசினாள்.

“மாமா, அங்க பெட்டிக்கிட்ட தாணம்மாக்கா இருக்காவ. அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லியாச்சுண்ணா இது உங்களுக்கு. நீங்க எரிச்சாலும் சரி, ஒடச்சாலும் சரி.”

“என்னத்தச் சொல்ல?”

“எனக்கா தெரியும்? கொட்டகைக்கிட்ட நிண்ணது நீங்கல்லா.”

“அக்கா, உங்களுக்குக் கிறுக்கா?” என்றான் ஷாஜன். எட்சன் வாசலில் வந்து நின்று, “அக்கா வேண்டாம்,” என்றான். சுந்தரராஜ் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அவர் அவளுடைய சேலை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு மகனின் கையை நாற்காலியிலிருந்து தட்டிவிட்டு, சக்கரத்தைத் தானே பிடித்து உந்தினார். கதவுப்படியில் சக்கரம் முட்டி நின்றது. யாரும் உதவவில்லை. இன்னொரு தடவை உந்தினார். தாண்டியது.

பெட்டியின் கால்மாட்டில் வந்து நாற்காலி நின்றது. தரையில் இருந்த தாணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். காண்ட்ராக்டரைக் கண்டதும் இடம் விட நகர்வதற்குச் சேலையை ஒதுக்கினாள். அது அவளுடைய அறுபத்தெட்டு வயதுவரை ஊறிய பழக்கம்.

“தாணம்மா,” என்றார் அவர். உதடு அசைந்தது. அதற்குமேல் வரவில்லை. மறுபடியும், “தாணம்மா, அன்னைக்கு,” என்றார்.

“ஜெபம் பண்ணுவோம்,” என்றார் ஐயர். ஹால் முழுக்கத் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டது.

எப்சிபா மூடவில்லை. தாணம்மாள் நகர்வதை நிறுத்தியிருந்தாள். சுந்தரராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், தரையில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து, அவருக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.